காரைத் தாழ்த்த ஆசையா? முதலில் வாய்க்கால் பாலத்தைப் பாருங்க, அப்புறம் பட்ஜெட்டைப் பாருங்க!

செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்விஃப்ட் வாங்கியாகிவிட்டது. மாதத் தவணை போக, கையில் கொஞ்சம் பணம் மிச்சம் இருக்கிறது. அடுத்த ஆசை? டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே தெரியும் அந்த இடைவெளியைக் குறைத்து, வண்டியைத் தரையோடு ஒட்டி நிற்கவைப்பது. ரீல்ஸில் பார்க்கும் கார்கள் எல்லாம் அப்படித்தானே நிற்கின்றன!

அதற்கான பொருளின் பெயர் லோயரிங் ஸ்பிரிங். கம்பெனி கொடுத்த காயில் ஸ்பிரிங்கைவிட உயரம் குறைவாகவும், விறைப்பு சற்று அதிகமாகவும் இருக்கும். இதை மாட்டினால் கார் சுமார் 2.5 முதல் 4 செ.மீ வரை இறங்கும். எடை மையம் கீழே வருவதால் வளைவுகளில் வண்டி சாய்வது குறையும். 1951-ல் ஜெர்மனியில் தொடங்கப்பட்ட ஐபாக் போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே பெயர் பெற்றவை.

ஆனால், தஞ்சாவூரிலும் சுற்றியுள்ள டெல்டா ஊர்களிலும், அதுவும் குறைந்த பட்ஜெட்டில் இதைச் செய்ய நினைப்பவர் கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டு வாசலில் நிற்கும் காருக்கு அடியில் அளந்து பார்ப்பது.

163-ல் எவ்வளவு மிஞ்சும்?

ஸ்விஃப்ட்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மி.மீ என்கிறது மாருதி சுஸூகி. இதில் 40 மி.மீ இறக்கினால் மிஞ்சுவது 123 மி.மீ. அதாவது 12 செ.மீ சொச்சம்.

இது காகிதக் கணக்கு. நம் வீடுகளில் கார் என்றைக்குக் காலியாகப் போயிருக்கிறது? முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர். ஊரிலிருந்து திரும்பும்போது டிக்கியில் 25 கிலோ அரிசிப் பை நான்கு வைத்தால் அதுவே 100 கிலோ. பின்பக்கம் இன்னும் இறங்கும். பள்ளத்தில் விழும்போதும் பிரேக் அடிக்கும்போதும் ஸ்பிரிங் மேலும் அமுங்கும். அந்த நேரத்தில் சைலன்ஸருக்கும் சாலைக்கும் நடுவே என்ன மிச்சம் என்பதுதான் உண்மையான கிரவுண்ட் கிளியரன்ஸ்.

இப்போது வேகத்தடைக்கு வருவோம். இந்திய சாலைகள் காங்கிரஸின் ஐ.ஆர்.சி 99 விதிமுறைப்படி, மணிக்கு 25 கி.மீ வேகத்தில் கடக்கும் வட்ட வடிவ வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ உயரமும் இருக்க வேண்டும். ஸ்விஃப்ட்டின் முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம் 2.45 மீட்டர். அதனால் இப்படி அகலமாகக் கட்டிய வேகத்தடையில் நான்கு சக்கரங்களும் மேட்டின் மேலேயே ஏறிக்கொள்ளும். கணக்குப் போட்டால், வண்டியின் நடு வயிற்றுக்குக் கீழே மேடு எழும்புவது நாலரை செ.மீ-தான். தாழ்த்திய கார்கூட தப்பித்துவிடும்.

சிக்கல் எங்கே என்றால், குறுகலாகவும் செங்குத்தாகவும் போட்ட வேகத்தடைகளில். அங்கே முன்சக்கரம் இறங்கிவிடும், பின்சக்கரம் இன்னும் ஏறியிருக்காது. இரண்டும் தரையில் நிற்க, முழு 10 செ.மீ மேடும் வண்டியின் வயிற்றுக்குக் கீழே நிற்கும். உயரம் ஒன்றுதான். ஆனால் காருக்கு இரண்டும் ஒன்றல்ல.

டெல்டாவுக்கென்று சில கஷ்டங்கள்

காவிரி, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, வடவாறு, புது ஆறு என்று அழைக்கப்படும் கல்லணைக் கால்வாய், இவற்றிலிருந்து பிரியும் எண்ணற்ற வாய்க்கால்கள்... இந்தப் பகுதியில் எந்த ஊருக்குப் போனாலும் ஏதோ ஒரு கரையில் ஓட்டி, ஏதோ ஒரு பாலத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். சின்ன வாய்க்கால் பாலங்கள் பல, இரண்டு பக்கமும் சரிந்து நடுவில் உயர்ந்து நிற்பவை. அவற்றின் உச்சியில்தான் தாழ்த்திய காரின் அடிவயிறு முதலில் தட்டும்.

பருவமும் பார்க்க வேண்டும். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்து குறுவை வேலை தொடங்கினால், அறுவடை முடியும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். மழைத் தண்ணீர் நிற்கும் சாலையில் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. தையில் சம்பா அறுவடை, அதற்குப் பின் உளுந்து, பயறு. நெல்லும் வைக்கோலும் உளுந்துச் செடியும் சாலையில் காயும் காலம் அது. காய்ந்த வைக்கோல் காருக்கு அடியில் சிக்கினால், சூடேறிய சைலன்ஸரிலும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரிலும் பட்டுத் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. சாதாரண உயரத்தில் இருக்கும் காருக்கே இந்த ஆபத்து இருக்கும்போது, 4 செ.மீ இறங்கிய கார் இன்னும் அதிகமாக வாரிக்கொண்டு போகும். வைக்கோல் கருகும் வாசனை வந்தால், அந்தக் கதிர்ப் பரப்பைத் தாண்டி வெற்று இடத்தில் நிறுத்தி, எல்லோரையும் இறக்கிவிட வேண்டும்.

செலவில்லாத ஒரு சோதனை

தெருவிலேயே உயரமான வேகத்தடையை அளந்துகொள்ளுங்கள். 10 செ.மீ என்று வைத்துக்கொள்வோம். இறக்க நினைப்பது 3 செ.மீ என்றால், கூட்டினால் 13. அந்த உயரத்துக்கு ஓர் அட்டைப்பெட்டியை வெட்டுங்கள்.

சமதளத்தில் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, வழக்கமாகப் போகிற அத்தனை பேரையும் உட்காரவைத்து, டிக்கியில் சாமான்களையும் ஏற்றுங்கள். இப்போது பெட்டியை ஒரு நீளமான குச்சியால் காருக்கு அடியில் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். எங்காவது தட்டினால், அந்தக் காரை 3 செ.மீ இறக்கக் கூடாது. தட்டாமல் போனாலும் மயிரிழையில் போனால் அதுவும் போதாது. ஓடும்போது ஸ்பிரிங் அமுங்க இடம் வேண்டும். கடைக்காரரோ நண்பரோ சொல்வதைவிட இந்தப் பெட்டி சொல்வது நம்பகமானது.

ஸ்பிரிங்கை அறுப்பது ஏன் ஆபத்து?

பட்ஜெட் குறைவு என்றதும் பலர் சொல்லும் யோசனை இது: ‘இருக்கிற ஸ்பிரிங்லயே ஒரு சுத்து கட் பண்ணிடலாம்.’ செலவு கூலி மட்டும்தான். ஆனால் பின்விளைவு பெரியது.

முதலாவது, சுற்று குறையக் குறைய ஸ்பிரிங் விறைக்கும். ஆறு சுற்றில் ஒன்றை அறுத்தால் விறைப்பு சுமார் 20 சதவிகிதம் கூடும். ஷாக் அப்சார்பர் பழைய விறைப்புக்கு ஏற்ப செய்யப்பட்டது என்பதால் வண்டி குதிக்கும். இரண்டாவது, அறுத்த முனை அதற்கான இருக்கையில் சரியாக உட்காராது. மேடு தாண்டிச் சக்கரம் தொங்கும் நொடியில் ஸ்பிரிங் தளர்ந்து, இடம் மாறிவிடலாம். மூன்றாவது, கேஸ் வெல்டிங் தீயில் சூடாக்கி இறக்குவது. ஸ்பிரிங் எஃகின் பலம் அதைப் பதப்படுத்திய விதத்தில் இருக்கிறது. தீ பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். பிறகு அது தொய்ந்துபோகும், அல்லது ஒருநாள் உடையும். அன்றைக்கு வண்டி எந்த வேகத்தில் போகும், உள்ளே யார் இருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது.

பணத்தை எந்த வரிசையில் செலவிடுவது?

‘வண்டி ஆடுது, வளைவுல சாயுது, அதனாலதான் இறக்கணும்’ என்பவர்கள், ஸ்பிரிங்குக்கு முன் இந்த வரிசையில் பார்க்கலாம்.

ஷாக் அப்சார்பர்: காரின் ஒரு மூலையை அழுத்திவிட்டால், ஒரு முறை எழும்பி நின்றுவிட வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினாலோ, ஆயில் கசிந்தாலோ மாற்ற வேண்டியது அதைத்தான். கூடவே ரப்பர் புஷ்களையும் மவுன்டிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய காரின் ஆட்டத்துக்குப் பல நேரம் உயரம் காரணமே இல்லை.

டயர்: பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண் அதன் வயதைச் சொல்லும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம். இறுகிப்போன டயரில் எந்த ஸ்பிரிங் போட்டாலும் பிடிப்பு வராது.

வீல்: தோற்றம்தான் ஆசை என்றால் இதைக் கவனியுங்கள். 2018-ல் வந்த ஸ்விஃப்ட்டில் கீழ் வேரியன்ட்டுகளுக்கு 165/80 ஆர்14 டயர், மேல் வேரியன்ட்டுகளுக்கு 185/65 ஆர்15. இரண்டின் மொத்த விட்டமும் சுமார் 62 செ.மீ-தான். கம்பெனியே அங்கீகரித்த 15 இன்ச் வீலுக்கு மாறினால், டயர் அகலமாகி, வீல் பெரிதாகத் தெரியும். கார் ஒரு மி.மீ-கூட இறங்க வேண்டியதில்லை.

இன்னொரு தகவல்: 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாகங்களுக்கான ஜி.எஸ்.டி 18 சதவிகிதம். 28 சதவிகிதம் இருந்தபோது 10,000 ரூபாய் பொருளுக்கு 12,800 கொடுக்க வேண்டியிருந்தது என்றால், இப்போது 11,800. பில்லோடு வாங்குங்கள், வாரன்ட்டிக்கு அதுதான் ஆதாரம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது. கேரளாவிலிருந்து வந்த வழக்கில், 2019 ஜனவரி 9-ல் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாக உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாமல் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது.

ஜெர்மனியில் சான்று பெற்ற ஸ்பிரிங்கை மாட்டி, ஆய்வு செய்து, வாகன ஆவணத்தில் பதிவு செய்துகொள்ள வழி இருக்கிறது. அங்கே எடுத்த வீடியோவைப் பார்த்து இங்கே முடிவெடுக்க முடியாது. மாற்றும் முன் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் கேளுங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி விபத்து கிளெய்மை மறுக்க அவர்களுக்கு இடமுண்டு.

எல்லாம் பார்த்தும் ஆசை இருந்தால்...

பெட்டிச் சோதனையில் கார் தேறி, ஆர்.டி.ஓ-விலும் தடை இல்லை என்றால், இவற்றைக் கவனித்து வாங்கலாம்.

• 2.5 முதல் 3 செ.மீ வரை இறங்கும் செட் போதும். அதற்கு மேல் டெல்டா சாலைக்கு ஆகாது.

• உங்கள் மாடல், ஆண்டு, இன்ஜினுக்கென்றே செய்தது வேண்டும். டீசல் இன்ஜின் கனம் அதிகம் என்பதால் பெட்ரோல் காரின் முன் ஸ்பிரிங் அதற்குப் பொருந்தாது.

• நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். முன்னால் மட்டும், பின்னால் மட்டும் என்பது வேண்டாம்.

• பழைய செட் வாங்கினால் துரு, விரிசல், தீ பட்ட தடம், இடது-வலது உயர வித்தியாசம் பாருங்கள். ஒன்றில் சந்தேகம் என்றாலும் விட்டுவிடுங்கள்.

• ஸ்பிரிங் கம்ப்ரஸர் கருவி இருக்கும் ஒர்க் ஷாப்பில் மட்டும் மாட்டுங்கள். அமுங்கிய ஸ்பிரிங் நழுவினால் மெக்கானிக்கின் உயிருக்கே ஆபத்து.

• மாட்டியதும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். உயரம் மாறினால் சக்கரத்தின் கோணமும் மாறும். விட்டால் டயரின் உள்பக்கம் தேய்ந்துவிடும்.

• கழற்றிய கம்பெனி ஸ்பிரிங்கை எடைக்குப் போடாதீர்கள். எண்ணெய் தடவி, சாக்கில் கட்டிப் பரணில் வையுங்கள். வண்டியை விற்கும்போதோ, மனம் மாறும்போதோ தேவைப்படும்.

ஸ்பிரிங், கூலி, அலைன்மென்ட், தேவைப்பட்டால் ஷாக் அப்சார்பர்... நான்கையும் கூட்டினால் வருவதுதான் லோயரிங்கின் விலை. அந்தத் தொகை கையில் இல்லையென்றால், இருக்கும் பணத்தில் ஷாக் அப்சார்பரை மட்டும் மாற்றிவிட்டு, வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கல்லணை வரை ஒரு நடை போய்வாருங்கள். வண்டி ஆடாமல் ஓடினால், இறக்க வேண்டும் என்ற எண்ணமே பாதி குறைந்துவிடும்.