ஒரே நேரத்தில், தனித்தனியே

பெருந்தொற்றுக் காலத்தில் எங்கள் பிள்ளைகளுக்குப் பழகிப்போன ஒரு முறை இன்னும் விட்டபாடில்லை. பாடுகிற பிள்ளை சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு தன் வீட்டில் பாடிப் பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்பும். மிருதங்கம் வாசிக்கிற பிள்ளை அதைக் காதில் கேட்டபடி தன் வீட்டில் வாசித்து இன்னொரு பதிவு அனுப்பும். யாராவது ஒரு அண்ணா இரண்டையும் கணினியில் ஒட்டித் தருவார். 2020இல் வேறு வழி இருக்கவில்லை. அன்று அது பெரிய காரியம். இன்று இரண்டு பிள்ளைகளும் லண்டன் ஹவுன்ஸ்லோவில் இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு, பரீட்சைக்கும் கோயில் விழாவுக்கும் இப்படியே பதிவுசெய்வது எனக்கு மனத்தாங்கலாக இருக்கிறது.

அந்தப் பதிவுகளில் மிருதங்கம் பாட்டைக் கேட்டிருக்கிறது. பாட்டு மிருதங்கத்தைக் கேட்டதே இல்லை. நிரவலில் ஒரு சங்கதியைப் பாடகி நீட்டுகிறாள் என்றால், எதிரே இருப்பவனின் கை கொஞ்சம் இறங்கி இடம் விடும். அந்த இடத்தை உணர்ந்துதான் அவள் அடுத்த சங்கதிக்குத் துணிவாள். அவன் நடையைச் சற்று இறுக்கினால் அவள் குரலிலும் ஒரு விறுவிறுப்பு ஏறும். இந்தக் கொடுக்கல் வாங்கல் இல்லாமல் தாளம் மட்டும் சரியாக இருந்து என்ன பயன்?

சரி, இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து நடுவில் போனை வைத்தால் என்ன என்று பெற்றோர் கேட்கிறார்கள். மிருதங்கம் குரலை விழுங்கிவிடும். பிறகு குரலைக் கூட்டினால் மிருதங்கமும் சேர்ந்து கூடும். ஆகவே பிள்ளைகள் ஒன்றாக இருக்க வேண்டும், அவர்களுடைய ஒலி மட்டும் தனித்தனி ட்ராக்கில் விழ வேண்டும். வீட்டில் இருக்கிற சாதாரண மடிக்கணினியில் இதைச் செய்யலாம். ஆனால் பலரும் முதலில் எடுக்கிற வழி பிழையான வழி.

மடிக்கணினியின் பக்கவாட்டில் இருக்கிற ஒற்றைத் துளை ஒரே ஒரு மைக்குக்கானது. கவர் போலப் பிரிகிற வயரைச் செருகி இரண்டு மைக்கை மாட்டினாலும் இரண்டும் உள்ளே போய் ஒன்றாகக் கலந்துவிடும். அடுத்ததாக, இரண்டு யூஎஸ்பி மைக் வாங்குவார்கள். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் ஒரு நேரத்தில் ஒரு கருவியிலிருந்துதான் பதிவுசெய்யும். இரண்டையும் சேர்த்து ஒன்றாகக் காட்டத் தனி மென்பொருள்கள் உண்டு. மேக் கணினியில் அந்த வசதி உள்ளேயே இருக்கிறது. அப்படிச் சேர்த்தாலும் அடியில் ஒரு சிக்கல் கிடக்கிறது. ஒவ்வொரு யூஎஸ்பி மைக்குக்குள்ளும் அதற்கென்று ஒரு கடிகாரம் ஓடுகிறது. வினாடிக்கு 44,100 தடவை ஒலியை அளக்க வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது விதிதான். ஆனால் எந்த இரண்டு கடிகாரமும் அச்சொட்டாக ஒரே வேகத்தில் ஓடாது.

பத்து லட்சத்துக்கு ஐம்பது என்ற அளவு வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடக் கீர்த்தனையின் முடிவில் 0.03 வினாடி விலகும். ஒரு மணி நேர ஒத்திகையின் முடிவில் 0.18 வினாடி. நிமிடத்துக்கு 80 அட்சரம் என்ற காலப்பிரமாணத்தில் ஒரு அட்சரத்தின் கால் பங்கு 0.1875 வினாடி. அதாவது, தொடக்கத்தில் ஒன்றாக இருந்தவர்கள் முடிவில் சதுச்ரத்தின் ஒரு மாத்திரை அளவுக்கு விலகி நிற்பார்கள். பிள்ளை தாளம் தப்பவில்லை, கருவிதான் தப்பியது. அதைக் கேட்டு ஒரு பிள்ளை ஏச்சு வாங்கக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு கணக்கும் சொல்கிறேன்.

இரண்டு மைக்கும் ஒரே கடிகாரத்தில் ஓட வேண்டும். இரண்டு மைக் வாய் உள்ள ஒரு சிறிய யூஎஸ்பி பெட்டி அதைத் தரும். ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள், ஒருவர் பாவித்ததாகத் தேடினால் மலிவு. மென்பொருளில் ‘ஸ்டீரியோ’ என்று தெரிவுசெய்தால் முதல் மைக் இடப்பக்கத்திலும் இரண்டாவது வலப்பக்கத்திலும் விழும். பதிவு முடிந்ததும் அந்த ஸ்டீரியோவை இரண்டு மோனோ ட்ராக்காகப் பிரித்துக்கொள்ளலாம்.

இந்த இடம்-வலம் ஏற்பாட்டின் பிறந்த வீடு எங்களுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஹவுன்ஸ்லோவில் எச்98 பஸ் ஏறினால் ஹேய்ஸ். எங்கள் பாட்டன்மார் ‘நாய் மார்க்’ என்று சொன்ன இசைத்தட்டுகளின் கம்பெனி, கிராமபோன் கம்பெனி, 1907இல் அங்கேதான் தொழிற்சாலை கட்டத் தொடங்கியது. அது 1931இல் ஈ.எம்.ஐ. ஆனது. அதே ஆண்டு டிசம்பரில் அங்கே வேலைசெய்த ஆலன் புளூம்லைன் என்ற 28 வயதுப் பொறியியலாளர், இரண்டு மைக்கின் ஒலியை ஒரே தட்டின் ஒரே கீறலில், அதன் இரண்டு சுவர்களிலும் தனித்தனியே செதுக்கும் முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1935இல் ஹேய்ஸ் ஸ்டேஷனில் ரயில்கள் போவதை இரண்டு தட ஒலியோடு படம் பிடித்தார்கள். 1942இல் ராடார் சோதனை விமானம் விழுந்து அவர் இறந்தபோது வயது 38. ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்தது 1950களின் கடைசியில்தான். அவர் அதைப் பார்க்கவில்லை. இரண்டு தடமும் ஒரே கீறலில், ஒரே ஊசிக்குக் கீழே ஓடியதால் அவை ஒன்றைவிட்டு ஒன்று விலக வழியே இல்லை. அந்தச் சிறிய யூஎஸ்பி பெட்டி செய்வதும் அதைத்தான்.

இனி உட்காரும் விதம். கச்சேரி மேடையில் மிருதங்கம் பாடகரின் வலப்பக்கம் இருக்கும். வீட்டுப் பதிவில் அப்படி வேண்டாம். இருவரையும் எதிரெதிரே, ஒன்றரை மீற்றர் இடைவெளியில் கம்பளத்தின் மேல் உட்காரவையுங்கள். சாதாரணப் பாட்டு மைக் முன்னால் வருவதை நன்றாகவும் முதுகுப் பக்கம் வருவதை மிகக் குறைவாகவும் வாங்கும். எதிரெதிரே இருந்தால் ஒவ்வொரு மைக்கின் முதுகும் மற்றவரைப் பார்க்கும். அதோடு அவள் தொடையில் போடும் தாளத்தை அவன் கண்ணால் பார்க்கலாம். குரல் மைக் வாயிலிருந்து ஒரு சாண். மிருதங்கத்துக்கு ஒரே மைக்தான் என்பதால் அதை நடுவுக்கு முன்னால் வைத்து வலந்தலைப் பக்கம் சற்றுத் திருப்புங்கள். தொப்பியின் கும்கி எப்படியும் அறையெல்லாம் பரவி வந்துசேரும். ஒலி அளவை ஆரம்ப நடைக்கு வைக்காமல் தீர்மானத்தை ஒருமுறை வாசிக்கச் சொல்லி அதற்கு வையுங்கள். சுருதி பாடகியின் ஒரு காதில் மட்டும் போகட்டும். பின்னர் தனியாகச் சேர்க்கலாம். ரேடியேற்றரை அரை மணி நேரம் முன்பே நிறுத்துங்கள். சூட்டில் தோல் இறுகினால் வலந்தலையின் சுருதி ஏறிவிடும், நடுப்பாட்டில் கல்லும் கட்டையும் தேட வேண்டிவரும்.

விமானம் இல்லாத ஹவுன்ஸ்லோ இல்லை. ஹவுன்ஸ்லோ ஹீத் பாலர் பள்ளியில் சிறுவர்கள் வெளியே இருந்து படிக்கவும் விளையாடவும் மண்ணால் குவிமாடங்கள் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள் என்றால் சத்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள். விமானம் இரண்டு ட்ராக்கிலும் ஏறும், எதிலிருந்தும் கழற்ற முடியாது. ஆனால் அதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. மேற்குக் காற்று வீசும் நாட்களில், அதாவது வருடத்தின் பெரும்பாலான நாட்களில், ஹீத்ரோ விமான நிலையத்தில் பிற்பகல் 3 மணிவரை ஒரு ஓடுபாதையிலும் அதன் பிறகு மற்றதிலும் இறங்குவார்கள். வாரத்துக்கு வாரம் முறை மாறும். அந்த அட்டவணையை விமான நிலையமே வெளியிடுகிறது. ஹவுன்ஸ்லோ வெஸ்டில் வடக்குப் பாதைக்குக் கீழே இருப்பவர்கள் தெற்கில் இறங்கும் நேரத்தைத் தேர்ந்துகொள்ளலாம். கிழக்குக் காற்று அடித்தால் அந்த அட்டவணை செல்லாது, இன்னொரு நாள் பார்க்க வேண்டியதுதான்.

போன மாதம் எங்கள் வீட்டு முன்னறையில் இப்படி ஒரு பிள்ளை பாட, இன்னொரு பிள்ளை வாசித்தான். பிறகு மிருதங்க ட்ராக்கை மட்டும் தனியாகப் போட்டுக் கேட்டோம். அடியில் அவளுடைய குரல் மெலிதாகக் கசிந்திருந்தது. சரணத்தில் ஓர் இடத்தில் அவன் கை சட்டென்று நின்று, ஒரு மூச்சு வாங்கி, மறுபடி தொடங்குகிறது. “ஏன் தம்பி அதில நிப்பாட்டினீர்?” என்று கேட்டேன். “அக்கா மேல போகப்போறா எண்டு முகத்தில தெரிஞ்சது அன்ரி” என்றான். அவளுக்கு அது தெரியவே தெரியாது. திரும்பவும் போடச் சொல்லிக் கேட்டாள், பிறகு குரல் ட்ராக்கையும் திறந்து, அவன் விட்ட இடத்தில் தான் என்ன செய்திருக்கிறேன் என்று தேடத் தொடங்கினாள்.