கருவின் மூளையைக் களத்துமேட்டிலேயே காப்போம்!

தோழர்களே! விவசாயச் சங்கத்தாரே, மாதர் சங்கத்தாரே, அறிவியல் இயக்கத்தாரே!

1991 ஏப்ரல். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ எல்லையோரம் இருக்கும் பிரவுன்ஸ்வில் நகர மருத்துவமனை ஒன்றில், 36 மணி நேரத்துக்குள் மூன்று குழந்தைகள் மூளை வளராமல் பிறந்தன. மண்டையோட்டின் மேற்பகுதியே உருவாகவில்லை. அந்த எல்லைப்புறத்து மக்களின் அன்றாட உணவு மக்காச்சோள ரொட்டி. அதற்குச் சற்று முன்புதான், 1989-இல் விளைந்த மக்காச்சோளத்தைத் தின்ற குதிரைகள் அதே மாநிலத்தில் மூளை சிதைந்து செத்திருந்தன. குதிரைகளைக் கொன்றது, மக்காச்சோளத்தில் வளரும் ஃபுசேரியம் பூஞ்சை கக்கிய ஃபியூமோனிசின் என்ற நஞ்சு. ஏழைத் தாய்மாரின் தட்டிலும் அதுதான் விழுந்ததா என்ற கேள்வி அங்கிருந்தே எழுந்தது.

கரு உருவான 28 நாட்களுக்குள் அதன் நரம்புக் குழாய் மூடிக்கொள்ள வேண்டும். மூளையும் தண்டுவடமும் அதிலிருந்தே வளர்கின்றன. மூடுவதற்கு ஃபோலேட் சத்து தேவை. செல்லின் சவ்வுக்கு வேண்டிய கொழுப்புப் பொருட்கள் உருவாகாமல் ஃபியூமோனிசின் தடுத்துவிடுகிறது. சவ்வு குலைந்தால் ஃபோலேட் உள்ளே நுழையும் வழியும் குலைகிறது. சினைச் சுண்டெலிகளுக்கு இந்த நஞ்சைச் செலுத்தியபோது, பல குட்டிகளின் நரம்புக் குழாய் மூடாமலே போனது. 2006-இல் வெளியான டெக்சாஸ் எல்லைப்புற ஆய்விலும், நஞ்சு ஓரளவு கூடுதலாகச் சேர்ந்த தாய்மாரிடம் இக்குறைபாட்டின் வாய்ப்பு அதிகமாகவே தெரிந்தது. மனிதரில் முழு நிரூபணம் இன்னும் வரவில்லை என்பார்கள். வரும்வரை கைகட்டி நிற்க நம்மால் முடியாது தோழர்களே!

ஏன்? அந்த 28-ஆம் நாளில் பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே தெரியாது. நாள் தள்ளிப்போய், சந்தேகம் வந்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பெயர் பதிவதற்குள் குழாய் மூடியிருக்கும், அல்லது மூடாமலே நின்றிருக்கும். மருத்துவமனை வாசலில் நின்று இந்தப் போரை வெல்ல முடியாது. களத்துமேட்டில்தான் வெல்ல வேண்டும்.

இந்த நஞ்சு தூரத்துக் கதையும் அல்ல. 1995-இல் மழையில் நனைந்த சோளத்தையும் மக்காச்சோளத்தையும் சாப்பிட்ட தக்காணக் கிராமத்து மக்கள் வயிற்றுவலியிலும் பேதியிலும் துடித்தார்கள். காரணம் இதே ஃபியூமோனிசின். இன்று பெரம்பலூரின் மானாவாரி மக்காச்சோளக் காடுகளைப் பாருங்கள். படைப்புழு துளைத்த கதிரில் பூஞ்சை சுலபமாகக் குடியேறுகிறது. உலர்களம் இல்லாத விவசாயி தார்ச்சாலையில் காய வைக்கிறார். திடீர் மழையில் மூட்டை நனைகிறது. பெரும்பகுதி கோழித்தீவனத்துக்குப் போனாலும், வீட்டுச் சத்துமாவிலும் ஒரு பங்கு கலக்கிறது. வேகவைத்தாலும் வறுத்தாலும் இந்த நஞ்சு முழுதாக அழியாது.

ஆகவே தோழர்களே, இந்த அறுவடைக்குள் செய்து முடிப்போம்:

விவசாயத் தோழர்களே, ஊருக்கு ஓர் உலர்களமும் தார்ப்பாயும் கேட்டு வரும் கிராம சபையிலேயே தீர்மானம் போடுங்கள். ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் ஈரப்பதமானி இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். ஈரம் 14 சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் மூட்டை கட்டாதீர்கள்.

மாதர் சங்கத் தோழர்களே, சத்துமாவு அரைக்கும் வீடுதோறும் சொல்லுங்கள்: உடைந்த, நிறம் மாறிய, வெள்ளையோ இளஞ்சிவப்போ பூத்த மணிகளைப் பொறுக்கி எறியுங்கள். நஞ்சு அதிகம் தங்குவது நொய்யிலும் தூசியிலும்தான், புடைத்துத் தள்ளுங்கள். கழித்ததை ஆட்டுக்கோ மாட்டுக்கோ போடாதீர்கள். கண்ணுக்கு நல்லதாகத் தெரியும் மணியிலும் நஞ்சு இருக்கலாம். அதனால் ஆய்வகப் பரிசோதனையையும் கேட்டுப் போராடுங்கள்.

செவிலியத் தோழர்களே, தாய்மையை எதிர்நோக்கும் பெண்ணுக்குக் கருத்தரிக்கும் முன்பே நாளுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம், அதாவது ஃபோலேட் சத்து மாத்திரை, கிடைக்கச் செய்யுங்கள். மாத்திரை ஒரு காவல், சுத்தமான தானியம் மறு காவல். இரண்டும் வேண்டும்.

பூஞ்சை பிடித்த தானியம் மலிவாக வந்து சேர்வது ஏழையின் அடுப்புக்குத்தான். பிறக்கப்போகும் குழந்தை நமக்காகக் காத்திருக்காது. உலர்களம் கேட்போம், பரிசோதனை கேட்போம், கிடைக்கும்வரை ஓயோம்!