தவக்கல் அல்ல, தாமதம்

நடை பழகும் பிள்ளைக்கே இஸ்தின்ஜாவின் ஒழுங்கைக் கற்பிக்கும் சமுதாயம் நாம். சிறுநீர்த் துளி ஆடையில் பட்டால் கழுவாமல் தொழமாட்டோம். ஆயினும் அந்தச் சிறுநீர்ப் பாதையில் நோய் வந்தால் வாய் திறக்க வெட்கப்படுகிறோம். பெண் குழந்தையாயின் இன்னும் அதிகமாக!

சளியோ இருமலோ இல்லாமல் காய்ச்சல், சிறுநீர் கழிக்கையில் வீறிட்டு அழுகை, வாந்தி. "சூடு பிடித்திருக்கிறது" என்று தொப்புளில் விளக்கெண்ணெய் தடவுகிறோம். மறுநாள், கண்ணேறு என்று ஓதி ஊதுகிறோம். மூன்றாம் நாள், மூத்த பிள்ளைக்கு வாங்கி மீந்த ஆன்டிபயாடிக் சிரப்பைப் புகட்டுகிறோம். பெருங்கேடு இதுவே. பரிசோதனைக்கு முன் கொடுக்கும் அம்மருந்து, கல்ச்சரில் கிருமி தென்படாமல் செய்துவிடக்கூடும்.

ஓதுவதை நாம் மறுக்கவில்லை. ஓதிவிட்டுக் காத்திருப்பதையே மறுக்கிறோம். அதற்குத் தவக்கல் என்று பெயரிடுவது, மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவிய நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டலுக்கே முரண். தொற்று சிறுநீரகத்திற்கு ஏறினால் நிலையான தழும்பு விழலாம். எந்தத் தாயத்து அதை அழிக்கும்?

மூன்று மாதம் நிறையாத சிசுவுக்கு 100.4 டிகிரி பாரன்ஹீட் காய்ச்சல் கண்டாலே, நள்ளிரவாயினும் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். மற்றக் குழந்தைகளையும் அன்றே மருத்துவரிடம் காட்டி, சிறுநீர்ப் பரிசோதனை தேவையா என்று நாமே கேட்க வேண்டும். பெண் மருத்துவர் வரும் நாளுக்காகத் தள்ளிப்போட வேண்டாம். நிர்ப்பந்தத்திற்குச் சலுகை தந்த மார்க்கம் நம்முடையது.

மருந்தை மருத்துவர் சொன்ன நாள்வரை கொடுக்க வேண்டும். காய்ச்சல் விட்டதும் நிறுத்தி அலமாரியில் வைக்கிறோமே, அந்தப் பாதிப் புட்டிதான் அடுத்த பிள்ளையின் வாய்க்குப் போகிறது.