சிவப்பு வயரின் இரண்டு முனைகள்

கரையிலுள்ள பிளக்கிலிருந்து மின்சாரம் சார்ஜருக்கு வருகிறது. சார்ஜரிலிருந்து சிவப்பு வயர் வழியாக பேட்டரிக்குப் போகிறது. படகில் சார்ஜர் பொருத்த உட்காரும் எவர் மனத்திலும் முதலில் தோன்றும் படம் இதுதான். படத்தில் பிழையில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி ஃபியூஸுக்கு இடம் தேடினால், அது சார்ஜர் பக்கம் போய் உட்கார்ந்துவிடும். அங்கே அது வயரைக் காக்காது.

மொட்டைமாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே மோட்டார், மேலே தொட்டி, தொட்டியின் அடியில் வந்து சேரும் குழாய். நடுச்சுவரில் குழாய் உடைந்துவிட்டது. ஓடிப்போய் மோட்டாரை நிறுத்துகிறீர்கள். தண்ணீர் நிற்குமா? தொட்டி காலியாகும்வரை கொட்டும். நிறுத்த வேண்டுமானால் தொட்டியை ஒட்டி வால்வு இருந்திருக்க வேண்டும். படகில் பேட்டரிதான் அந்தத் தொட்டி.

சிறிய சார்ஜர் ஒன்று தரக்கூடியது 10 ஆம்பியர். கோளாறு வந்தாலும் அதற்கு மேல் பெரிதாகத் தர அதனிடம் சரக்கில்லை. நல்ல நிலையிலுள்ள 100 ஆம்பியர்-அவர் பேட்டரியோ, முனைகள் நேராகத் தொட்டுக்கொண்டால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாய்ச்சும். அலைக்கு அலை படகு அதிரும்போது சிவப்பு வயர் ஏதாவது ஒரு தகட்டு விளிம்பில் உரசி உரசி, ஒருநாள் மேலுறை கிழிகிறது. அன்று அந்த வயருக்குள் பாய்வது சார்ஜரின் மின்சாரம் அல்ல, பேட்டரியின் மின்சாரம். பிளக்கைப் பிடுங்கினாலும் அது நிற்காது. படகின் மெயின் சுவிட்சை அணைத்தாலும் நிற்காது. ஏனென்றால், சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் சார்ஜ் ஏற வேண்டும் என்பதற்காக சார்ஜர் வயரை நாமே சுவிட்சைத் தாண்டி பேட்டரி முனையில் நேரடியாக மாட்டியிருக்கிறோம். இரவும் பகலும் உயிரோடிருக்கும் வயர் அது.

ஆகவே ஃபியூஸ் பேட்டரியை ஒட்டி இருக்க வேண்டும். அமெரிக்காவில் படகுகளுக்கான தரவிதிகளை வகுக்கும் ஏ.பி.ஒய்.சி. அமைப்பு இதற்கு அளவே சொல்லியிருக்கிறது: பேட்டரி முனையிலிருந்து வயர் வழியே 7 அங்குலத்துக்குள், அதாவது சுமார் 18 செ.மீ. நேராக பேட்டரி முனையில் மாட்டிய வயரைக் குழாய்க்குள்ளோ தனி உறைக்குள்ளோ கொண்டுபோனால் 72 அங்குலம்வரை சலுகை உண்டு. நான் அந்தச் சலுகையை நாடமாட்டேன். ஃபியூஸின் அளவு சார்ஜர் தருவதைவிடச் சற்றுக் கூடுதலாகவும், வயர் தாங்குவதைவிடக் குறைவாகவும் இருக்கட்டும். 10 ஆம்பியர் சார்ஜர், 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் என்றால் 15 ஆம்பியர் ஃபியூஸ் பொருந்தும். படகுக்கென்றே செய்த சார்ஜர்கள் பல, வயரின் நுனியருகே ஃபியூஸோடுதான் வருகின்றன. வயர் நீளமாகத் தொங்குகிறதே என்று நுனியை நறுக்கி எறிபவர், உயிர் காக்கும் பகுதியையும் சேர்த்தே எறிகிறார்.

இனி, பலரைக் குழப்பும் இரட்டை பேட்டரி விவகாரம். ஏரி மீன்பிடிப்புக்கான சிறு படகுகளில் சத்தமில்லாமல் மெல்ல நகர மின்மோட்டார் ஒன்று வைத்திருப்பார்கள். ட்ரோலிங் மோட்டார் என்று பெயர். அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்து ஃபார்கோ நகரில் 1934-இல் ஓ.ஜி. ஷ்மிட் என்பவர் செய்த மோட்டாரிலிருந்து வளர்ந்ததுதான் மின் கோட்டா நிறுவனம். மினசோட்டா, டகோட்டா இரண்டையும் சேர்த்து வைத்த பெயர் அது. அந்த வட்டாரத்து 17 அடி அலுமினியப் படகு ஒன்றைத் திறந்தால் மூன்று பேட்டரிகள் இருக்கலாம்: எஞ்சினைக் கிளப்ப ஒன்று, 24 வோல்ட் ட்ரோலிங் மோட்டாருக்காகத் தொடரிணைப்பில் இரண்டு. இவற்றுக்கு மூன்று வெளியீடுகள் கொண்ட சார்ஜர், ஒவ்வொன்றும் 12 வோல்ட்.

கேள்வி இங்கேதான் எழுகிறது. இரண்டு பேட்டரிகளும் சேர்ந்து 24 வோல்ட்டாக நிற்கும்போது 12 வோல்ட் சார்ஜரை எப்படி மாட்டுவது? இடையிலுள்ள இணைப்பு வயரைத் தினமும் கழற்ற வேண்டுமா?

வேண்டாம். வோல்ட் என்பது இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான வேறுபாடு. முதல் பேட்டரியின் நெகட்டிவை 0 என்று வைத்தால், அதன் பாசிட்டிவ் 12. அங்கிருந்து இணைப்பு வயர் இரண்டாம் பேட்டரியின் நெகட்டிவுக்குப் போகிறது, அதுவும் 12. இரண்டாவதன் பாசிட்டிவ் 24. மோட்டார் பார்ப்பது 0-க்கும் 24-க்கும் இடையில். சார்ஜரின் முதல் ஜோடி வயர் பார்ப்பது 0-க்கும் 12-க்கும் இடையில். இரண்டாம் ஜோடி, 12-க்கும் 24-க்கும் இடையில். இரண்டுக்குமே தெரிவது வெறும் 12 வோல்ட் பேட்டரிதான். ஒரு ஜோடியின் சிவப்பும் கறுப்பும் ஒரே பேட்டரியின் இரு முனைகளில் இருக்க வேண்டும், அவ்வளவே.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இதைப் பெட்டியின் மேல் தேடிப் படித்துவிட்டே காசு கொடுங்கள். சார்ஜரின் வெளியீடுகள் உள்ளுக்குள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் தனித்தனியாக இருக்க வேண்டும். சில சார்ஜர்களில் கறுப்பு வயர்கள் எல்லாம் உள்ளே ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும். அப்படிப்பட்ட ஒன்றை இங்கே மாட்டினால் 12-இல் இருக்கும் கறுப்பும் 0-இல் இருக்கும் கறுப்பும் சார்ஜருக்குள் கைகோத்துவிடும். முதல் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து இணைப்பு வயர், இரண்டாம் கறுப்பு வயர், சார்ஜரின் உள்பகுதி, முதல் கறுப்பு வயர் என்று சுற்றி அதே பேட்டரியின் நெகட்டிவுக்கே வந்து சேர்ந்தால் அது முழு ஷார்ட். இந்தப் பாதையில் சிவப்பு வயரே இல்லை என்பதைக் கவனியுங்கள். சிவப்பு வயரில் போட்ட ஃபியூஸ் இதைத் தடுக்காது.

வயரின் தடிமனைப் பற்றிய பயம் கொஞ்சம் மிகை. சார்ஜரிலிருந்து பேட்டரி 3 மீட்டர் என்றால் போகவர 6 மீட்டர். 2.5 சதுர மி.மீ. வயரில் 10 ஆம்பியர் ஓடும்போது 0.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். 6 சதுர மி.மீ. என்றால் 0.17 வோல்ட். பேட்டரி நிரம்ப நிரம்ப மின்னோட்டம் குறையும், இழப்பும் தானே குறையும். மெல்லிய வயரால் பேட்டரி கடைசிவரை நிரம்பாமல் போய்விடாது, நேரம் கூடும். ஆயினும் தடித்த வயரே நல்லது. வெள்ளி நிறத்தில் வெள்ளீயம் பூசிய செம்பு வயராக இருந்தால் ஈரக்காற்றுக்குப் பச்சைபிடிக்காது.

கார் மெக்கானிக் கையால் வயரிங் செய்த படகில் ஒன்றை அவசியம் பாருங்கள். காரில் உடம்பே நெகட்டிவ். படகில் அந்தப் பழக்கம் கூடவே கூடாது. அலுமினிய உடலை நெகட்டிவ் வயராகப் பயன்படுத்தினால் கசியும் மின்சாரம் தண்ணீருக்குள் இறங்கி உலோகத்தைத் தின்னும். சிவப்புக்கு ஒரு வயர் என்றால் கறுப்புக்கும் ஒரு வயர்.

சார்ஜரை பேட்டரிக்கு நேர் மேலே பொருத்தாதீர்கள். ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும்; காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறி போதும், வெடிக்கும். அமில ஆவி சார்ஜரையும் அரிக்கும். பக்கவாட்டில், காற்றோட்டமுள்ள இடத்தில், பெட்ரோல் டாங்கிலிருந்து விலகி இருக்கட்டும். சார்ஜரில் பேட்டரி வகையையும் சரியாகத் தேர்ந்தெடுங்கள்: சாதாரண ஈய-அமில பேட்டரிக்கு 14.4 வோல்ட் அளவில் ஏற்றிப் பிறகு 13.5 அளவுக்கு இறக்கி வைக்க வேண்டும். ஜெல் வகை அதைவிடக் குறைவாகவே தாங்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் நிரந்தரமாகக் கெடும்.

கரை மின்சாரப் பாதுகாப்பில் சிக்கனம் வேண்டாம். வட அமெரிக்காவில் 120 வோல்ட், நம் ஊரில் 230. தண்ணீரருகே இரண்டுமே கொல்லும். எர்த் உள்ள மூன்று கம்பி வயர், கசிவு வந்தால் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் இரண்டில் ஒன்று இல்லாத பிளக்கிலும் படகைச் செருகாதீர்கள். அமெரிக்க வீட்டு பிளக்குகளில் இந்தச் சுவிட்ச் 5 மில்லி ஆம்பியர் அளவிலேயே விழும். நம் வீடுகளில் 30. அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அது விழுகிறதென்றால் எங்கோ மின்சாரம் கசிகிறது. கசியும் இடத்தைத் தேடுங்கள்.

இந்த வாரம் ஒரு அளவுநாடாவோடு படகுக்குப் போங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து சிவப்பு வயரைப் பிடித்துக்கொண்டே ஃபியூஸ்வரை அளந்து பாருங்கள். 18 செ.மீ.க்குமேல் போனால், ஃபியூஸை இடம்மாற்றிவிட்டு அடுத்த சார்ஜுக்குச் செருகுங்கள்.