காற்று யாருக்கு?

மன்னார்த் தீவில் காற்றுக்குப் பஞ்சம் என்று எவரும் கூறார். வைகாசி தொடக்கம் சோளகம் வீசுகிறது. ஐப்பசிக்குப் பின் வாடை வருகிறது. இக்காற்றை நம்பியே தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் நிறுத்தப்பட்டன, 103.5 மெகாவாற் கொள்திறன் கொண்ட தம்பபவனி மின்நிலையம் 2020 டிசெம்பரில் திறந்துவைக்கப்பட்டது. ஆனால் அதே தீவில், வீட்டோடு ஒட்டிய கொட்டிலில் கதவும் நிலையும் செய்யும் தச்சுத் தொழிலாளி மரத்தூளையே மூச்சாக இழுத்து வாழ்கிறார். அவருடைய காற்றைப் பற்றிப் பேச யார் உளர்?

“தச்சனுக்குத் தூள் புதிதா?” என்று கேட்போர் உண்டு. ஆம், புதிதுதான் என்பது நமது விடை. கைவாளும் சீவுளியும் உதிர்த்தவை பெரும்பாலும் கனத்த துகள்களும் சுருள்களுமே. அவை காலடியில் விழுந்தன. மின்வாளும் அரத்தாள் பொறியும் கண்ணுக்குத் தெரியாத பொடியைக் கிளப்புகின்றன. 10 மைக்ரோனிலும் சிறிய அப்பொடி நெடுநேரம் மிதந்து நெஞ்சுக்குள் புகுகிறது. இங்கிலாந்தின் ஹை விக்கம் பகுதித் தளபாடத் தொழிலாளரிடையே மூக்கறைப் புற்றுநோய் மிகுந்திருப்பதை 1960களில் மருத்துவர்கள் கண்டனர். 1995இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களோடு சேர்த்தது. இதற்குப் பின்னும் “தொழிலின் தலைவிதி” என்று பேசுவோரின் நெஞ்சில் ஈரமில்லை.

“முகமூடி போதுமே” என்பது அடுத்த வாதம். நல்ல முகமூடி வேண்டியதே. ஆயினும் அதே முற்றத்தில் சமைக்கும் மனைவிக்கும் தவழும் குழந்தைக்கும் முகமூடி மாட்டுவது யார்? தூள் பிறக்கும் இடத்திலேயே அதை உறிஞ்சி எடுப்பதுதான் முறை.

உறிஞ்சும் பொறியை வாங்கியவர்களும் ஏமாறுகின்றனர். விற்பவர் குதிரைவலுவைக் காட்டுகிறார். குழாயைப் பற்றி வாய் திறப்பதில்லை. குழாய்தான் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறது. மரத்தூள் படியாமல் ஓட, குழாயில் காற்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 4,000 அடி வேகத்தில் செல்லவேண்டும். 4 அங்குலக் குழாயில் அவ்வேகம் தருவது சுமார் 350 கன அடி; 6 அங்குலக் குழாயிலோ சுமார் 785 கன அடி. ஒரே அளவு காற்று செல்லும்போது, 4 அங்குலத்தை 6 அங்குலமாக்கினால் உராய்வுத்தடை ஏறத்தாழ எட்டிலொன்றாகக் குறைகிறது. காற்றாடி அதற்கு ஈடுகொடுக்காவிடின் வேகம் தளர்ந்து தூள் படியும் என்பதையும் மறக்கலாகாது. சிறிய பொறியுடையோர் அதை வாளின் அருகிலேயே வைத்து, குழாயைக் குறுக்குவதே நன்று. நெளிவுக் குழாயை இயன்றவரை தவிர்த்து வழவழப்பான பி.வி.சி. குழாயைப் பூட்டலாம், கூர்முழங்கைக்குப் பதில் அகன்ற வளைவு வைக்கலாம். உறிஞ்சும் வாயைத் தூள் எழும் இடத்தோடு அணைத்து வைக்கவேண்டும். வாயின் விட்டமளவு தள்ளிப்போனாலே இழுவேகம் பத்திலொன்றாகிவிடும். பையில் தூள் அடைந்தால் காற்றோட்டம் குன்றும். காற்றாடிக்கு முன்னே ஒரு சுழல்பிரிகலன் வைத்தால் பெரும்பகுதித் தூள் அங்கேயே விழும்.

இவற்றில் எதுவும் மந்திரமன்று. நம் வகுப்பறைப் பௌதிகம்! வாயு இயக்கத்தைக் கரும்பலகையில் எழுதிப் பரீட்சையோடு மறக்கச் செய்யும் நாம், அதே மாணவனின் தந்தை இருமுவதைக் கேளாதிருக்கிறோம். ஆசிரியர்களே, உங்கள் கணக்குகள் கொட்டில்களுக்குள் செல்லட்டும்.

ஆனால் அறிவு மட்டும் குழாய் வாங்கித் தராது. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தூள் அகற்றுவதைப் பற்றிப் பேசுகிறது. தன் வீட்டில் தானே உழைக்கும் தச்சரை அது எட்டுவதில்லை. போருக்குப் பின் எழுந்த இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு புதிய வீட்டுக்கு 550,000 ரூபா கொடுக்கப்பட்டது. வடக்கில் எழுந்த அவ்வீடுகளுக்கெல்லாம் கதவும் யன்னலும் வேண்டியிருந்தன. அவற்றை இழைத்தவரின் சுவாசத்துக்கு விலை குறித்தவர் எவர்?

எனவே நாம் கேட்பது தெளிவானது. மின்வாளுக்குக் கடன் கொடுக்கும் நிறுவனம் குழாய்க்கும் பிரிகலனுக்கும் சேர்த்தே கொடுக்கட்டும். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் இவற்றை மொத்தமாக வாங்கி மலிவாக வழங்கட்டும். 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய தொழில் பாதுகாப்பு, சுகாதார நிறுவகம் பேசாலைக்கும் எருக்கலம்பிட்டிக்கும் வந்து கொட்டில்களை அளக்கட்டும். தச்சர்களும் தனித்தனியே இருமுவதை விடுத்து, ஒன்றுகூடிக் கேட்கட்டும்.

காற்றை மின்சாரமாக்கத் தெரிந்த நாட்டுக்கு அதை மூச்சாக்கவும் தெரியவேண்டும்.