எந்தப் பக்கம் தம்பி?

வாஷிங்மெஷின் வாங்கும் பேச்சிலர்கள் எல்லாம் சோம்பேறிகள் என்று ஒரு பேச்சு உண்டு. வாஸ்தவம்தான். ஆனால் அந்தச் சோம்பேறித்தனத்தைக் கட்டிக் காப்பாற்ற எவ்வளவு உழைக்க வேண்டியிருக்கிறது என்பது பட்டவனுக்குத்தான் தெரியும்.

நான் குடியிருப்பது சிவகாசியில், ஒரு வீட்டின் மாடிப் போர்ஷன். மெஷின் வந்த புதிதில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது. தொட்டி என் தலைக்கு நேர் மேலே; உயரம் இல்லை, அதனால் வேகமும் இல்லை. பிளம்பர் பார்த்துவிட்டு, "பிரஷர் பம்ப் போட்டுருவோம் சார்" என்றார். போட்டார். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. கூடவே ஒரு 'டொம்'மும் வந்தது.

மெஷின் தண்ணீர் குடித்து முடித்ததும் ஒரு டொம். அலசுவதற்குக் குடித்து முடித்ததும் இன்னொரு டொம். சுவரே அதிரும். மறுபடி பிளம்பர். குழாயில் காதை வைத்து, டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "காத்து அடைச்சிருக்கு சார். போகப் போகச் சரியாயிடும்" என்றார். ஃபீஸ் 300 ரூபாய்.

பட்டாசுக்கே 1999-லிருந்து சத்த வரம்பு இருக்கிறது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. என் வீட்டுக் குழாய்க்குத்தான் எந்தச் சட்டமும் இல்லை. சிவகாசியில் இருந்துகொண்டு ஒரு டொம்முக்குப் பயந்தால் எப்படி என்று விட்டுவிட்டேன்.

அது தப்பு என்று ஒரு செவ்வாய்க்கிழமை தெரிந்தது. லீவு போட்டுவிட்டுக் காலை பத்து மணிக்கு மெஷினை ஓட விட்டேன். டொம். எட்டிப் பார்த்தால், கீழ்வீட்டு ஆச்சி செருப்புக்கூடப் போடாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வானத்தில் புகை தேடுகிறார். என்னைப் பார்த்ததும் கேட்டார்:

"எந்தப் பக்கம் தம்பி?"

வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி புரியாது. இங்கே பகலில் பெரிய சத்தம் கேட்டால் 'என்ன சத்தம்?' என்று கேட்க மாட்டார்கள். எந்தப் பக்கம் என்றுதான் கேட்பார்கள். 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டி வெடிவிபத்தில் 30 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ. ஆச்சியின் மருமகள் தினமும் தூக்குவாளியோடு வேன் ஏறிப் பட்டாசு ஆபீஸுக்குப் போகிறவர்.

"ஒண்ணுமில்ல ஆச்சி, குழாய்" என்றேன்.

"குழாயா?" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்குத்தான் விஷயத்தைக் குடைய ஆரம்பித்தேன்.

விருதுநகர் பஸ்ஸில் டிரைவர் சடன் பிரேக் போட்டால், நின்றுகொண்டு வருகிறவர்கள் எல்லாம் முன்னால் போய் விழுவார்களே, அதே கதைதான். 10 மீட்டர் நீள அரை இஞ்சுக் குழாயில் சுமார் 2 கிலோ தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. மெஷினுக்குள் இருக்கும் மின்சார வால்வு கண்ணிமைக்கும் நேரத்தில் மூடிக்கொள்கிறது. ஓடி வந்த தண்ணீர் போக வழியில்லாமல் முட்டுகிறது. இதற்கு 'வாட்டர் ஹேமர்' என்று பெயர், அதாவது தண்ணீர்ச் சுத்தியல். ஷுகோவ்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி, மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்களில் சோதனை செய்து, 1898-லேயே இதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார். அந்தக் கணக்குப்படி, இரும்புக் குழாயில் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால், 100 மீட்டருக்கும் மேலே தொட்டி வைத்த மாதிரி அழுத்தம் ஒரு கணம் வந்து போகும். பிளாஸ்டிக் குழாய் கொஞ்சம் விரிந்து கொடுப்பதால் அதில் குறைவு. தினம் தினம் இந்த அடி விழுந்தால் ஜாயின்ட் கசியும். போகப் போகச் சரியாகிற சமாசாரம் இல்லை!

வைத்தியம் மூன்று. முதலாவதுக்குக் காசே வேண்டாம். மெஷினுக்குப் போகும் ஆங்கிள் காக்கைக் கொஞ்சம் திருகி மூடுங்கள். வேகம் பாதியானால் அடியும் பாதி. தண்ணீர் நிரம்ப இரண்டு நிமிஷம் கூடுதலாகும், அவ்வளவுதான். இரண்டாவது, சுவரில் ஆடுகிற குழாய்க்குப் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, கிளாம்பை முடுக்குங்கள். மூன்றாவது, மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு 'டீ' போட்டு, ஓரடிக் குழாயைச் செங்குத்தாக நிறுத்தி மேலே மூடிவிடுங்கள். உள்ளே மாட்டிக்கொண்ட காற்று மெத்தை மாதிரி அடியை வாங்கிக்கொள்ளும். ஆக, பிளம்பர் சொன்ன காற்று நோய் இல்லை சார், மருந்து! ஆனால் அந்தக் காற்று நாளடைவில் தண்ணீரில் கரைந்துவிடும். அவ்வப்போது குழாயை வடித்துக் காற்றை உள்ளே விட வேண்டும்.

அணுகுண்டு வெடிக்குச் சணலை இறுக்கிச் சுற்றுவது சத்தம் பெரிதாகத்தான். இங்கே செய்வது நேர் எதிர். திமிறுகிற தண்ணீருக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கிறோம்.

சனிக்கிழமை மூன்றையும் செய்து முடித்து மெஷினைப் போட்டேன். வெறும் 'க்ளிக்'. வெற்றி வீரனாகக் கீழே இறங்கி ஆச்சியிடம் சொன்னேன்.

ஆச்சி சந்தோஷப்படவில்லை.

"நாலு நாளா எந்தச் சத்தம் கேட்டாலும் உன் குழாய்தான்னு மனசைத் தேத்திக்கிட்டேன் தம்பி. இனிமே என்னத்தைச் சொல்லித் தேத்திக்கிறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சாயங்காலம் வேன் வந்து நிற்கும்வரை நானும் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன்.