ரஷ்யா ரிட்டர்ன் டாக்டரும் பக்கத்து வீட்டுப் பாட்டியும்

வெளிநாட்டுல படிச்சுட்டு ஊர் திரும்பினவங்கன்னாலே வெயில் தாங்கல, ட்ராஃபிக் தாங்கலன்னு புலம்பற ஆளுங்கதான் நமக்கு ஞாபகம் வருவாங்க. அதெல்லாம் ரெண்டு மாசத்துல தானா சரியாயிடும். நான் சொல்ல வந்தது வேற கோஷ்டி. ரஷ்யா, சீனா, பிலிப்பைன்ஸ்னு போய் டாக்டருக்குப் படிச்சுட்டு வர்ற பசங்க.

ரஷ்யாவுல ஆறு வருஷம் படிச்சுட்டு ஒருத்தன் வந்து இறங்குவான். தெருவே "டாக்டர்"னு கூப்பிடும். பக்கத்து வீட்டுப் பாட்டி பிபி மாத்திரை அட்டையைத் தூக்கிட்டு வந்து நிக்கும். ஆனா சட்டப்படி அவன் ஒரு சீட்டுகூட எழுத முடியாது. 2002ல ஆரம்பிச்ச எஃப்.எம்.ஜி.இ. தேர்வை முதல்ல பாஸ் பண்ணணும். வருஷத்துக்கு ரெண்டு தடவை, 300 கேள்வி, 150 மார்க் எடுத்தா பாஸ். 2024 ஜூன்ல எழுதினவங்கள்ல சுமாரா அஞ்சுல ஒருத்தர்தான் தேறினாங்க. மிச்ச நாலு பேருக்கு? கோச்சிங் சென்டர், ரூம், மறுபடி கோச்சிங் சென்டர். அப்பா வாங்கின கடனுக்கு வட்டி மட்டும் தவறாம ஓடிட்டே இருக்கும்.

"அப்ப தேர்வே வேணாங்கறியா?"ன்னு கேப்பீங்க. இல்லவே இல்லை. உயிர் விஷயம், தேர்வு கண்டிப்பா வேணும். எல்லா வெளிநாட்டு காலேஜும் ஒரே தரம்னு யாரும் சத்தியம் பண்ண முடியாது. என் சண்டை வரிசையோடதான். பாஸ் பண்ணின பிறகுதான் இங்க பயிற்சி மருத்துவரா வார்டுக்குள்ள நுழைய முடியும். ஆனா அவன் கத்துக்க வேண்டியது வார்டுலதானே இருக்கு!

அங்க நோயாளிங்ககிட்ட ரஷ்ய மொழியில பேசிப் பழகினவன்கிட்ட இங்க ஒரு அம்மா "கிறுகிறுன்னு வருது, நெஞ்சு கரிக்குது, கைகாலெல்லாம் ஓஞ்சு போச்சு தம்பி"ம்பாங்க. அதுல எது சர்க்கரை, எது அல்சர், எது ஹார்ட்டுன்னு அவன் பிரிக்கணும். கட்டுவிரியன் கடிச்ச இடத்துல வீக்கமோ வலியோ பெருசா இருக்காது, ஆனா மூச்சு நின்னுடலாம். கண்ணாடிவிரியன்னா ரத்தம் உறையாது. பூச்சிமருந்து குடிச்சுட்டு வர்றவங்களுக்குக் கண்பாப்பா ஊசிமுனையா சுருங்கியிருக்கும். குளிர் நாட்டு ஆஸ்பத்திரியில இதையெல்லாம் எத்தனை தடவை பார்த்திருப்பான்? கோச்சிங் சென்டர் நோட்ஸை மனப்பாடம் பண்ணினா இது கைக்கு வந்துடுமா?

என் யோசனை ரொம்ப சிம்பிள். ஊர் திரும்பினதுமே அரசு ஆஸ்பத்திரியில சீனியர் டாக்டர் பின்னாடி நிக்க விடுங்க. மருந்து எழுத வேணாம், ஊசி போட வேணாம். பாக்கட்டும், கேக்கட்டும், குறிப்பு எடுக்கட்டும். ஏற்கெனவே மாணவர் கூட்டம் நெரியற மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி வேணாம், தாலுகா ஆஸ்பத்திரி போதும். தேர்வை இப்ப இருக்கற கண்டிப்போடவே வைங்க.

இதெல்லாம் நடக்கற வரைக்கும் நம்மால முடிஞ்சது ஒண்ணு இருக்கு. கல்யாணப் பந்தியில பக்கத்துல உக்காந்துட்டு "இன்னுமா பாஸ் ஆகல?"ன்னு கேக்காம இருக்கறது. அப்படியே அந்தப் பாட்டியையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்.